கோட்டுக்குக் கீழே

கொதித்துக்கொண்டிருந்த பானைக்குள் பச்சைத்தண்ணீரைக் கவிழ்க்கப் போன, புருசனின் அக்காள் சபியா உம்மாவின் கையை ஹாஜறா எட்டிப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் வாளி சரிந்து பாதித் தண்ணீர் அடுப்பில் விழுந்து சீறியது. குசினிக்குள் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன புள்ள இது? என்ட தம்பிக்குக் கொதிதண்ணியா ஊத்தச் சொல்றாய்?"

"மெல்லமா ஊத்துங்க மதினி. ஒரேயடியா ஊத்தினா வெடிச்சிரும்."

"என்னத்த வெடிக்கிற? அலுமினியப் பானை புள்ள."

ஹாஜறா பானையைப் பார்த்தாள். அலுமினியப் பானைதான். கையை எடுத்துக்கொண்டாள். சபியா உம்மா மிச்சத் தண்ணீரை ஊற்றினாள், ஒன்றும் வெடிக்கவில்லை. "புத்தி பேதலிச்சுப் போச்சு, பாவம்" என்று யாரோ ஒருத்தி முணுமுணுத்தாள். பேதலித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஹாஜறாவின் புத்தி அன்றைக்கு வழக்கத்தை விடத் தெளிவாகத்தான் இருந்தது. அழுகைதான் வரவில்லை. எங்கே போயிற்றோ, விடிந்ததில் இருந்து அதைக் காணவில்லை.

மையத்தை, உயிர் போன உடலை, குளிப்பாட்டும் பலகையைப் பள்ளிவாசலில் இருந்து கொண்டுவந்து முற்றத்துத் தார்ப்பாய்க்குக் கீழே சாய்த்து வைத்திருந்தார்கள். திடீர் மரண விசாரணை ஐயா வந்து எழுதிக்கொண்டு போனால்தான் அதை நிமிர்த்தலாம். வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு ஜனாசாவை எடுப்பதென்று பேச்சு. அதற்கிடையில் மழையில் ஊறிய விறகோடு மல்லுக்கட்டித் தண்ணீரையாவது சூடாக்கி வைப்போம் என்று பெண்கள் குசினியில் கூடியிருந்தார்கள். வீட்டுக் கோடியில் மூன்று கோழி காலில் கயிற்றோடு நனைந்துகொண்டு நின்றன. குவைத்துக்குத் திரும்பிப் போக இருந்த கொழுந்தன் ஜவுபருக்கும் அவன் பெண்சாதி வீட்டாருக்கும் இன்றைக்குப் பகல் இந்த வீட்டில்தான் விருந்து. விருந்தாளிகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டார்கள்.

காலையில் நடந்தது இவ்வளவுதான். அவள் புருசன் கச்சிமுகம்மது சுபஹுத் தொழுதுவிட்டு வந்து தேத்தண்ணி கேட்டார். மழையில் கரண்ட் போயிருந்தது. ஹாஜறா குப்பி விளக்கை வைத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினாள். கூடத்தில் அவர் நடக்கிற சத்தம் கேட்டது. "தண்ணி ஆறிப் போச்சோ தெரியல்லயே" என்றார், மீன்தொட்டிக்குப் பக்கத்தில் இருந்து. அந்த இருட்டில் தொட்டிக்குள் தொங்குகிற வெப்பமானியின் இலக்கம் தெரியாது. கையை விட்டுப் பார்த்திருக்கிறார். கரண்ட்தான் இல்லையே என்று, வாழ்நாளில் ஒரு தரம், மீனுக்குத் தண்ணீர் சூடாக்குகிற ஹீற்றரின் சுவிச்சைப் பார்க்காமல் விட்டுவிட்டார். மற்றக் கை தொட்டியின் இரும்புச் சட்டத்தைப் பிடித்திருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது.

குசினி லைட் பளிச்சென்று எரிந்தது. ஹாஜறா சந்தோசப்பட்டாள். இப்போது அவளுக்குத் திரும்பத் திரும்ப வருவது அதுதான். லைட் எரிந்ததும் வாய்விட்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொன்னாள்.

தேத்தண்ணிக் கோப்பையோடு கூடத்துக்கு வந்தவள் கண்டாள். தொடவில்லை. இப்படியான நேரத்தில் ஆளைத் தொடக்கூடாது, ஓடிப்போய் மெயின் சுவிச்சை இழுக்க வேண்டும் என்று அவர்தான் ஒரு நாள் அவளையும் மகள் ஹிதாயாவையும் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக் கொடுத்திருந்தார். இழுத்தாள். அவர் விழுந்தார். வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவர்கள் ஏழரை மணிக்குத் திருப்பிக் கொண்டு வந்துவிட்டார்கள். அந்தத் தேத்தண்ணிக் கோப்பை இன்னும் தொட்டிக்குப் பக்கத்து மேசையில் மூடாமல் இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

கல்முனைக்குடியில் கச்சிமுகம்மதின் மீன்தொட்டியை அறியாதவர்கள் குறைவு. ஐந்தடி நீளம், இரண்டடி அகலம். வெல்டிங் கடை பெனடிக் இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி போட்டுப் பூட்டிக் கொடுத்தது. ஏஞ்சல் மீன்கள் இருபதுக்கு மேல் அதற்குள் நின்றன. விடிந்தால் கரைவலை இழுக்கிற ஊரில், மீனைக் காசு கொடுத்து வாங்கி, கறி ஆக்காமல் கண்ணாடிக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதனை ஊர் சும்மா விடுமா? "என்ன கச்சிமுகம்மது, எப்ப ஆக்கிற?" என்று பள்ளிவாசல் படியிலேயே கேட்பார்கள். அவரும் "உப்புத்தான் பத்தாமக் கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இரண்டு வருசத்துக்கு முன்னால், எண்பதாம் ஆண்டு மாரியில், விடாமல் பெய்த மழைக் குளிரில் மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி விழுந்து ஒவ்வொன்றாய்ச் செத்தன. செத்த பதினொன்றையும் தென்னையடியில் புதைத்துவிட்டு, அவர் குவைத்தில் இருந்த தம்பிக்குக் கடிதம் எழுதினார். தொட்டிக்கு நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, தண்ணீர் இத்தனை கலன், இதைச் சூடாக்க எத்தனை வாட்ஸ் ஹீற்றர் வேணும் என்று கடையில் கேட்டு வாங்கி வா என்று. அடுத்த லீவில் ஜவுபர் கொண்டு வந்தான். முழம் நீளக் கண்ணாடிக் குழாய், உள்ளே சுருள் கம்பி, தலையில் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகாணி, எரியும்போது மினுங்குகிற சின்னச் சிவப்பு லைட். மீனைக் குளிப்பாட்டச் சுடுதண்ணி வைக்கிறாராம் என்று ஊருக்குப் புதுக் கதை கிடைத்தது.

ஊரில் பாதிப்பேர் வயரின் தலைப்பைச் சீவி, பிளக் இல்லாமலே ஓட்டைக்குள் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குகிறவர்கள். கச்சிமுகம்மது அந்த வகை இல்லை. அவருக்கு நீர்ப்பாசன இலாகாவில் வேலை. மாவடிப்பள்ளிப் பக்கத்து வாய்க்கால் கதவுகளில் இலக்கம் போட்ட பலகையைப் பார்த்துத் தண்ணீர் மட்டத்தை எழுதுகிற வேலை. வீட்டிலும் அதே ஆள்தான். ஹீற்றர் வந்த அன்றைக்கே ஹிதாயாவின் பெட்டியில் ஒளித்திருந்த சிவப்புக் கியூடெக்ஸ் குப்பியைக் கண்டுபிடித்தார். தொழுகிற பிள்ளைக்கு நகப்பூச்சு எதற்கு என்று ஏசிவிட்டு, அதே பூச்சால் தொட்டிக் கண்ணாடியில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "தண்ணி இதுக்குக் கீழ இறங்கப்படாது. கேட்டயா ஹாஜறா? குழாய் தண்ணிக்கு வெளியில நிண்டா, சூடு போக எடமில்லாமக் காய்ஞ்சு போகும். அந்த நேரம் பச்சத்தண்ணி பட்டா வெடிச்சிரும். தண்ணி மாத்திறதெண்டா முதல்ல சுவிச்ச ஓப் பண்ணு. பதினஞ்சு நிமிசம் பொறு. மறுகா கைய வை."

ஹாஜறா கேட்டாள். நூறு தரம் கேட்டிருப்பாள். கேட்டதில் அவள் மனதில் நின்றது கடைசிச் சொல் மட்டும்தான்: கையை வை.

நேற்றுப் பகல் அவள் தொட்டிக்குள் கையை வைக்கவில்லை. அதை இப்போது யாரிடமும் சத்தியம் பண்ணிச் சொல்வாள். வெள்ளம் வந்து ஒரு கிழமையாக அவர் வாய்க்கால் கதவுகளோடு கிடந்ததால் தொட்டித் தண்ணீர் மஞ்சள் பிடித்துப் போயிருந்தது. விடிந்தால் விருந்து. ஜவுபரின் மாமியார் வீட்டுக்காரர் சாய்ந்தமருதில் வசதியான ஆட்கள், எதைப் பார்த்தாலும் ஒரு சொல் சொல்லாமல் விடமாட்டார்கள். பிளாஸ்டிக் சாடியால் மொண்டு மொண்டு ஒன்பது வாளித் தண்ணீரை எடுத்துக் கோடியில் ஊற்றினாள். கை தண்ணீரில் படவே இல்லை, அதனால் சுவிச்சைப் பற்றி யோசிக்கவும் இல்லை. தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டி அரைச் சாண் கீழே போயிருந்தது. கிணற்றுத் தண்ணீரை அள்ளிக்கொண்டு வந்து ஊற்றத் தொடங்கினாள். இரண்டாவது வாளி சரியும்போது "டிக்" என்று ஒரு சத்தம். நகம் வெட்டுகிற சத்தம்தான் இருக்கும். குனிந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. சிவப்பு லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

பொழுதுபட்டு மஃரிபுக்கு அவர் சேற்றோடு வந்து தொட்டியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஆரு மாத்தின?"

"நான்தான்."

"சுவிச்ச ஓப் பண்ணினதானே?"

"ஓம்."

"பதினஞ்சு நிமிசம்?"

"ஓம் ஓம்."

"அப்ப நீ எங்கட டிப்பாட்மென்டுக்கே வரலாம்," என்று சிரித்தார். அந்த "ஓம்" அவளுக்குப் பொய் என்றே அப்போது படவில்லை. களைத்து வந்த மனிதனிடம் இருந்து ஒரு விரிவுரை மிச்சம் என்றுதான் பட்டது.

பத்து மணிக்கு விசாரணை ஐயா வந்தார். அழகரெத்தினம் என்று பேர், கல்முனைத் தமிழ்ப் பகுதிக்காரர். குடையை வாசலில் விரித்தபடியே வைத்துவிட்டு, மையத்தின் முகத்தைப் பார்த்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து மடியில் பைலை விரித்தார். ஹாஜறா உள்கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள், பக்கத்தில் சபியா உம்மா.

"நேரமெடுக்க மாட்டன் தங்கச்சி. சாமானில முதலே ஏதும் பழுது இருந்ததா? ஆராவது கழட்டினது, தொட்டது எண்டு?"

ஹாஜறா வாயைத் திறந்தாள். சபியா உம்மாதான் முந்திக்கொண்டாள்.

"அத என்ட தம்பிட கையத் தவிர வேற ஆரும் தொடுறல்ல ஐயா. வெளிநாட்டுச் சாமான். அந்தா நிக்கிறான், சின்னவன், அவன் கொண்டு வந்து குடுத்தது. நல்ல சாமானெண்டா ஆளக் கொல்லுமா?"

தார்ப்பாய்க்குக் கீழே ஜவுபர் நின்றான். தலையை நிமிர்த்தவில்லை.

"தங்கச்சி, அப்பிடித்தானா? வேற ஆரும் தொடல்லயா?" ஐயா திரையைப் பார்த்துக் கேட்டார்.

"ஓம்," என்றாள் ஹாஜறா.

அவர் எழுதினார். பேனை கடதாசியில் ஓடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. நேற்றைய "ஓம்" சொன்ன அதே வாய்தான். இரண்டு "ஓம்"களுக்கும் இடையில் ஒரு இரவுதான் போயிருந்தது.

அவர் போனதும் பலகையை நிமிர்த்தினார்கள். சுற்றிவரச் சேலைகள் கட்டி மறைப்புப் போட்டார்கள். இளஞ்சூட்டுத் தண்ணீர் வாளி வாளியாக வெளியே போயிற்று. இலந்தை இலை, கற்பூரம், பஞ்சு, கபன் துணி என்று ஒவ்வொன்றாய்க் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஹாஜறா எங்கே இருக்கிறதென்று சொல்லிக்கொண்டிருந்தாள். "நல்ல தைரியமான பொம்புள" என்றார்கள். தைரியமா அது? இறைச்சிக் கடையில் வைக்கிற கட்டை மாதிரி இருந்தது அவளுக்கு, வெட்டு விழுகிறது தெரிகிறது, அவ்வளவுதான்.

உள்ளறைக்கு வந்து கதவோரம் உட்கார்ந்தபோது கூடத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. காக்காவை, தன் அண்ணனை, குளிப்பாட்ட என்று போன ஜவுபரை, அழுகையை அடக்கவில்லை என்று பள்ளிவாசல் லெப்பை திருப்பி அனுப்பியிருந்தார். அவன் கூடத்தில் பெனடிக்கோடு நின்றான். பெனடிக் குளிப்பாட்டுகிற இடத்துக்குப் போக முடியாது, வீட்டுக்குப் போகவும் மனமில்லாமல் தான் செய்த தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். இப்போது ஹீற்றரை வெளியே எடுத்துவிட்டான்.

"இஞ்ச பார் ஜவுபர். மோதிரம் போட்டாப்போல சுத்திவர வெடிச்சிருக்கு. மயிர் மாதிரி. உள்ளுக்குத் தண்ணி போயிருக்கு."

"ம்."

"சுடச்சுட வெளியில நிண்டு பச்சத்தண்ணி பட்டாத்தான் கண்ணாடி இப்பிடி வெடிக்கும். நான் எத்தின லாம்புச் சிமினி கண்டிருக்கன். ஆராவது தண்ணியக் குறைச்சதா?"

ஹாஜறா கதவோடு காதை வைத்தாள்.

"காக்கா குறைப்பாரா? கோடு கீறி வெச்சிரிக்கிற மனிசன்." ஜவுபர் ஹீற்றரைக் கையில் வாங்கினான். "இது சாமான்ட பிழை பெனடிக். என்ட பிழை. கடைக்கார மலையாளி படிச்சுப் படிச்சுச் சொன்னான். இவ்வளவு பெரிய தொட்டிக்கு ஒண்டாப் பெரிசா வாங்காத, சின்னதா ரெண்டு எடுத்து ரெண்டு தலைப்பிலயும் போடு, ஒண்டு பழுதாப் போனா மத்தது இரிக்கும், சூடும் ஒரு எடத்தில தங்காது எண்டான். பெட்டியில எடமில்ல எண்டு நான் ஒண்டோட வந்தன். பொண்டாட்டிக்குச் சீலைய வெச்சிற்று, காக்காக்கு இந்த ஒண்ட வெச்சன்."

"ரெண்டெண்டாலும் வெடிக்கிறது வெடிக்கும் மச்சான்."

"இனி அங்க போய் நான் என்னெண்டு நித்திர கொள்ளப் போறன், சொல்லு?"

ஹாஜறா எழுந்து கதவைப் பாதி திறந்தாள். ஊர் வழக்கப்படி ஜனாசா வாசலைத் தாண்டினால் அவள் இத்தா. நாலு மாதமும் பத்து நாளும் அறைக்குள். வாப்பா, சொந்தச் சகோதரங்கள் தவிர எந்த ஆணின் முன்னும் வரமுடியாது, கதைக்க முடியாது. ஜவுபர் செவ்வாய்க்கிழமை பயணம். அவன் அடுத்த லீவில் வர இரண்டு வருசம். இந்தப் பழியைச் சுமந்துகொண்டு அவன் விமானம் ஏறாமல் இருப்பதென்றால், சொல்ல வேண்டியதை ஜனாசா எடுப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். அவளுக்கு இருந்தது ஒரு மணித்தியாலம்.

"தம்பி."

ஜவுபர் திரும்பினான். இரண்டு கண்ணும் சிவந்து வீங்கியிருந்தன. முகத்தில் காக்காவின் சாயல், நாடிப் பக்கம் மட்டும்.

"என்ன மச்சி?"

"கோழி..." என்றாள். "கோழிக்குக் காலைல இருந்து இரை போடல்ல. ஆரையாவது போடச் சொல்லுங்க."

அவன் தலையை ஆட்டினான். அவள் கதவைச் சாத்தினாள்.

கபன் சுற்றிக் கூடத்தில் கிடத்தினார்கள். முகம் மட்டும் திறந்திருந்தது. ஹிதாயா வாப்பாவின் நெற்றியில் வாயை வைத்து எடுக்க மாட்டேன் என்று கதறினாள், இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். பிறகு ஹாஜறாவைக் கொண்டு வந்து பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கற்பூர மணம். முடியில் சொட்டுத் தண்ணீர் நின்றது. வலது கை துணிக்குள் போய்விட்டது, அதைத்தான் அவள் தேடினாள்.

"பொருத்தம் கேளு புள்ள," என்று சபியா உம்மா காதுக்குள் சொன்னாள். "புருசனுக்குச் செஞ்ச பிழையெல்லாம் பொருத்துக்குங்க எண்டு கேளு. இனிக் கேக்கக் கிடைக்காது."

"என்னப் பொருத்துக்குங்க," என்றாள் ஹாஜறா.

"இன்னொருக்காக் கேளு."

"பொருத்துக்குங்க."

என்ன பிழைக்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமில்லை. சோற்றுக்கு உப்புக் கூடினதில் இருந்து எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கும். எல்லாப் பெண்சாதிகளும் சொல்கிற அதே சொல்லைத்தான் அவளும் சொன்னாள். அவள் தண்ணீர் மாற்றிய கதையை அறிந்த மற்ற ஆள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். முகத்துத் துணியை மூடிக் கட்டினார்கள்.

சந்தூக்குக்குள் வைத்துத் தூக்கினபோது ஜவுபர் அதன் முன்பக்கத்து இடது காலைத் தோளில் ஏற்றினான். ஹாஜறா வாசல் நிலை வரைக்கும் போனாள். "தம்பி" என்று கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கலிமாச் சத்தம் எழும்பி எல்லாவற்றையும் மூடியது. மழைக்குள் வெள்ளைத் தொப்பிகள் போயின. சந்தூக்கு வளைவில் திரும்பியதும் பெண்கள் அவளை உள்ளே கூட்டிப் போனார்கள்.

வளையலைக் கழற்றினார்கள், தோட்டைக் கழற்றினார்கள். வெள்ளைச் சேலை உடுத்தி உள்ளறையில் பாய் விரித்து இருத்தினார்கள். யன்னலுக்குத் துணி கட்டினார்கள். கூடத்துப் பக்கக் கதவைச் சாத்தினார்கள். எல்லாம் நேற்றே சொல்லி வைத்த வேலை மாதிரி ஒழுங்காக நடந்தது. சபியா உம்மா தஸ்பீஹ் மாலையோடு பாயின் மறு தலைப்பில் உட்கார்ந்தாள். முதல் மூன்று நாளும் அவள்தான் துணை.

ஆண்கள் மையவாடியில் இருந்து திரும்பி வந்தார்கள். பக்கத்து வீட்டில் இருந்து சோறு வந்தது. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைந்தது. பிறகு கூடத்தில் வாளியும் சாடியும் உரசுகிற சத்தம். ஹாஜறாவுக்கு அந்தச் சத்தம் உடனே தெரிந்தது. தொட்டித் தண்ணீரை யாரோ மொண்டு எடுக்கிறார்கள்.

கதவுக்கு அந்தப் பக்கம் காலடி வந்து நின்றது.

"மச்சி."

ஜவுபர். சபியா உம்மா விரலை வாயில் வைத்து, பேசாதே என்றாள்.

"பதில் சொல்லத் தேவல்ல மச்சி. கேட்டா மட்டும் போதும். மறுகா எனக்குச் சொல்லக் கிடைக்காது. தொட்டிய நானும் பெனடிக்கும் எடுத்திட்டுப் போறம். அது இனி உங்கட கண்ணிலயும் புள்ளட கண்ணிலயும் படப்படாது." "காக்காட மௌத்துக்கு நான்தான் காரணம். மையவாடியில வெச்சு அவருக்கிட்டக் கேட்டுட்டன். உங்ககிட்டயும் கேக்கிறன். என்னப் பொருத்துக்குங்க."

"வாய் தெறக்காத," என்று சபியா உம்மா மெல்லச் சொன்னாள். "இத்தாவில கொழுந்தனோட கதைக்கப்படாது. நான் சொல்றன்." கதவுப் பக்கம் திரும்பினாள். காலையில் இருந்து அவனைக் கரித்துக் கொட்டிய குரல் இப்போது இளகிப் போயிருந்தது. "பொருத்திட்டாவாம் மனே! நானும் பொருத்திட்டன். அல்லாஹ்ட நாட்டம், நீ என்ன செய்வாய்? போ, போய்ச் சோறு தின்னு."

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. பைலில் எழுதியாகிவிட்டது, மண்ணும் போட்டாகிவிட்டது, அக்காள்காரியும் மன்னித்துவிட்டாள். ஹாஜறா செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. பேசாமல் இருக்க வேண்டும், அதைத்தான் எல்லாரும் அவளிடம் எதிர்பார்க்கிறார்கள். நாலு மாதமும் பத்து நாளும் எதிர்பார்ப்பார்கள். பிறகும் யாரும் கேட்கப் போவதில்லை.

வெளியே காலடி ஒன்று விலகியது.

"தம்பி, நில்லுங்க."

"புள்ள!" என்றாள் சபியா உம்மா.

"தொட்டியில சிவப்புக் கோடு இரிக்கி. தெரியும்தானே?"

பிறகு, "ஓம் மச்சி."

"நேத்துப் பகல் தண்ணிய அதுக்குக் கீழ இறக்கினது நான். சுவிச்ச ஓப் பண்ணல்ல. பச்சத்தண்ணிய ஊத்தினன். டிக் எண்டு கேட்டிச்சு." அவள் குரல், விறகு எங்கே இருக்கிறது, பஞ்சு எங்கே இருக்கிறது என்று சொன்ன அதே குரலாகவே இருந்தது. "அவரு வந்து கேட்டாரு, ஓப் பண்ணினதானே எண்டு. ஓம் எண்டு சொன்னன். அத நம்பித்தான் படுத்தாரு. உங்கட சாமான்ல பிழையில்ல."

தஸ்பீஹ் மணிகள் உருளுகிற சத்தம் நின்றிருந்தது. ஹாஜறா சபியா உம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கதவுக்குக் கீழே இருந்த இரண்டு விரல் இடைவெளியைப் பார்த்தாள். அதில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. மையவாடி மண் இன்னும் கழுவப்படாமல் விரலிடுக்கில் ஒட்டியிருந்தது. அவை வரவும் இல்லை, போகவும் இல்லை.

கூடத்தில் சாடி முங்கியது, தண்ணீர் வாளியில் விழுந்தது. திரும்பவும் முங்கியது.

கதவு ஒரு தரம் கிறீச்சிட்டு உள்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வந்தது. தாழ்ப்பாள் இழுபட்டது. யாரும் தள்ளவில்லை. ஒரு முதுகு அந்தப் பக்கம் அதில் சாய்ந்து, வழுக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தது.

"ஜவுபர்!" பெனடிக் கூடத்தில் இருந்து கூப்பிட்டான். "தண்ணி எந்த மட்டுக்கு இறக்கிற? முழுக்கவா?"

பெனடிக் இன்னொரு சாடி மொண்டான், இன்னொன்று மொண்டான். மழை யன்னல் துணியில் அடித்தது. ஹாஜறா கையிரண்டையும் மடியில் வைத்தபடி இருந்தாள்.

"கோட்டோட நிப்பாட்டு," என்றான் ஜவுபர், கதவடியில் இருந்து. "அதுக்குக் கீழ இறக்காத."

வாளிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, சபியா உம்மாவின் விரலுக்குள் மணி ஒன்று நகர்ந்தது.